அடைப்புக்குறிக்குள் இரண்டு சொல்

அனுப்புநர்
கணிதப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர்,
அரசு மேல்நிலைப் பள்ளி,
தருமபுரி மாவட்டம்.

பெறுநர்
உயர்கல்வித் துறை, பள்ளிக் கல்வித் துறைச் செயலாளர்கள்,
ஆசிரியர் தேர்வு வாரியத் தலைவர்,
தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தார்,
பல்கலைக்கழகங்கள் மற்றும் தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழு உறுப்பினர்கள்.

பொருள்: பட்டதாரி ஆசிரியர் பணிக்கான பட்டத் தகுதி – ஒரு பட்டம் இணையா இல்லையா என்பதைப் படிக்கச் சேரும்போதே அறிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

அய்யா, அம்மா,

பொருளுக்குக் கீழே ‘பார்வை’ என்று ஒரு வரி போட்டு, கடித எண்ணும் நாளும் குறிப்பிடுவதுதான் முறை. என்னிடம் அப்படி எண் எதுவும் இல்லை. இருப்பது ஒரு பழைய மாணவியின் ஃபைல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வுச் சான்றிதழ் வரை பதினேழு காகிதம், ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில். அதில் ஒரு காகிதம் குறைந்தது. அந்தக் குறைந்த காகிதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ப்ளஸ் டூ முடிவு வந்த மறுநாள் எங்கள் பள்ளி வராந்தா எப்படி இருக்கும் என்பது உங்களில் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தெரியும். நெட் சென்டரில் எடுத்த மார்க் ஷீட்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் நிற்பார்கள். கூடவே நாலைந்து கல்லூரிகளின் பளபளப்பான கையேடுகள். அதில் ஒரு பக்கத்தைக் காட்டி, “சார், இது படிச்சா டீச்சர் ஆவலாமா?” என்று கேட்பார்கள். பெண் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு மேல் கேட்பது இந்தக் கேள்விதான். முன்பெல்லாம் ஒரே மூச்சில் பதில் சொல்வேன். இரண்டு வருடமாகச் சொல்வதில்லை.

அந்த ஃபைலுக்குச் சொந்தக்காரி மூன்று பெண்களில் மூத்தவள். வீட்டில் ‘பெரியவளே’ என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் இங்கே அப்படியே வைத்துக்கொள்கிறேன். அப்பாவுக்கு பெங்களூரில் கட்டட வேலை, மாதத்துக்கு ஒரு முறை ஊர் வருவார். பத்தாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தாள். நான் கரும்பலகையில் ஒரு கணக்கை முடிப்பதற்குள் வேறு வழியில் போட்டு முடித்துவிட்டு, அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ப்ளஸ் டூ முடித்ததும் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் கிடைக்கவில்லை. கலந்தாய்வில் அவள் முறை வருவதற்குள் இடம் தீர்ந்துவிட்டது. பக்கத்து ஊரில் ஒரு தனியார் கல்லூரியில் ‘பி.எஸ்சி. கணிதம் (கணினிப் பயன்பாடு)’ இருந்தது. அப்பாவும் மகளும் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். “கணக்குதானே வாத்தியாரே?” என்று கேட்டார் அவர். கையேட்டை வாங்கிப் புரட்டினேன். நுண்கணிதம், இயற்கணிதம், மெய்ப்பகுப்பாய்வு, இயக்கவியல் எல்லாம் வரிசையாக இருந்தது. கூடவே சி மொழி, ஒரு கம்ப்யூட்டர் லேப். “கணக்குதாங்க. கம்ப்யூட்டரும் சேத்துச் சொல்லித் தர்றாங்க, இன்னும் நல்லது” என்றேன்.

அந்த ‘இன்னும் நல்லது’ நான் சொன்னது. அதனால்தான் இந்தக் கடிதத்தை அவள் எழுதாமல் நான் எழுதுகிறேன்.

மூன்று வருடம் பட்டம். பிறகு பி.எட். இரண்டு வருடம். 2014ஆம் ஆண்டு என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) விதிகள் வருவதற்கு முன் அது ஒரு வருடம்தான். பி.எட்.டில் அவள் எடுத்துக்கொண்டது கணிதம் கற்பித்தல். பயிற்சிக்காக ஒரு அரசு உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தாள், பாடக்குறிப்பு எழுதினாள், தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டார். பி.எட். முடித்து டெட் இரண்டாம் தாள் எழுதினாள், அதில் கணிதம்-அறிவியல் பகுதிக்கு மட்டும் அறுபது மதிப்பெண். பாஸ். அதற்கப்புறம் நியமனத்துக்கான போட்டித் தேர்வு. அதிலும் மதிப்பெண் வந்தது. சான்றிதழ் சரிபார்ப்புக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தபோது அவள் அம்மா எங்கள் வீட்டுக்கு ஒரு டப்பா நிறைய அதிரசம் கொடுத்தனுப்பினார். 

சரிபார்ப்பு மேசையில் இருந்தவர் பட்டச் சான்றிதழைப் பார்த்தார். பெயரில் இருந்த அடைப்புக்குறியில் விரல் வைத்தார். “ஈக்விவலன்ஸ் ஜி.ஓ. எங்கம்மா?” என்றார்.

அப்படி ஒன்று உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் எனக்கும் தெரியாது. பி.எஸ்சி. கணிதம் என்று அடைப்புக்குறி இல்லாமல் படித்தவன் நான். எனக்கு அது தேவைப்பட்டதே இல்லை.

தெரியாத மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வழக்கமான பெயரில் இல்லாத ஒரு பட்டம், வழக்கமான பட்டத்துக்குச் சமம்தான் என்று உயர்கல்வித் துறை ஓர் அரசாணை வெளியிட வேண்டும். இன்ன பல்கலைக்கழகம் வழங்கும் இன்ன பட்டம், பொதுப் பணிகளில் நியமனம் பெறுவதற்கு இன்ன பட்டத்துக்கு இணையானது என்று பெயர் சொல்லி அதில் எழுதியிருக்கும். ஒரு குழு இரண்டு பாடத்திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பரிந்துரை செய்யும், அரசு ஆணையிடும். சில பட்டங்கள் இணையல்ல என்றும் ஆணை வருவதுண்டு. கவனிக்க வேண்டியது, ஆணை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரோடு வருகிறது. அதே பெயருள்ள பட்டம் ஒரு பல்கலைக்கழகத்தில் இணை, இன்னொன்றில் இன்னும் முடிவாகவில்லை என்றால், ஆற்றுக்கு இந்தப் பக்கம் படித்தவள் ஆசிரியர், அந்தப் பக்கம் படித்தவள் மனுதாரர். பெரியவள் அந்தப் பக்கம்.

மேசையில் இருந்தவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பட்டியலில் இல்லாததை அவர் எப்படி ஏற்பார்? ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார்கள் என்று அவளே சொன்னாள். அந்த ஒரு வாரம் நானும் அவளோடு அலைந்தேன். கல்லூரியில், “நாங்க அஃபிலியேட்டட் காலேஜ் சார், யுனிவர்சிட்டியில கேளுங்க” என்றார்கள். பல்கலைக்கழகத்தில் ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு அனுப்பி, கடைசியில் ஒரு கண்காணிப்பாளர் நல்ல மனதோடு உட்காரச் சொன்னார். “இதுக்கு முன்னாடி யாரும் அப்ளை பண்ணலையே” என்றார். அந்தப் பட்டத்தைப் பல வருடமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை பேட்ச் வெளியே போயிருக்கும்! இணையா என்று ஒருவரும் கேட்டுவைக்கவில்லை. பெரியவள்தான் முதல் ஆளாகப் பாடத்திட்டத்தின் சான்றொப்பமிட்ட நகலைக் கேட்டு வாங்கி, விண்ணப்பம் எழுதி, அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்பினாள். ஒரு பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலையை, கட்டடத் தொழிலாளியின் மகள் டவுன் பஸ்ஸில் போய்வந்து செய்தாள்.

பதினான்கு மாதம் கழித்து ஆணை வந்தது. அவளுடைய பட்டம் பி.எஸ்சி. கணிதத்துக்கு இணையானதுதான் என்று அதில் இருந்தது. அதற்குள் தேர்வுப் பட்டியல் முடிந்து, அவள் இடத்தில் வேறொருவர் வேலையில் சேர்ந்து, முதல் தீபாவளி முன்பணமும் வாங்கியிருப்பார்.

யோசித்துப் பாருங்கள். ஆணை வருவதற்கு முந்தைய நாளும் அவள் படித்தது அதே பாடம்தான். ஆணை எதையும் புதிதாக உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததை இருக்கிறது என்று சொன்னது, அவ்வளவுதான். ஆனால் அரசுப் பணித் தேர்வு அறிவிக்கைகளில், இணைத்தன்மை ஆணை அறிவிக்கை நாளுக்கு முன்பே வெளியானதாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி வருகிறது. பட்டம் எப்போது வாங்கினாள் என்று பார்ப்பது நியாயம். நீங்கள் எப்போது கையெழுத்துப் போட்டீர்கள் என்பதை வைத்து அவளைத் தள்ளுவது எந்த ஊர் நியாயம்?

அவளுடைய பாடத்திட்டத்தையும் என்னுடைய பழைய பாடத்திட்டத்தையும் ஒரு இரவு உட்கார்ந்து நானே ஒப்பிட்டுப் பார்த்தேன். பெரிய வேலை இல்லை, இரண்டு மணி நேரம் ஆனது. நான் படித்ததில் இருந்து அவளுக்கு இல்லாமல் போனது முக்கியமாக வானியல் தாள். அதற்குப் பதிலாக சி மொழி. இத்தனை வருடத்தில் வகுப்பறையில் அந்த வானியல் எனக்கு ஒரே ஒரு முறை பயன்பட்டது, சூரிய கிரகணத்தன்று ஒரு பையன் கேட்ட கேள்விக்கு. அவளோ பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வர்க்கமூலம் கண்டுபிடிக்கும் வழியை ஒரு சின்ன புரோகிராமாக எழுதிக் காட்டுகிறாள். எங்கே என்கிறீர்களா? ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில். மாதம் 11,000 ரூபாய்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பதவியை ஊரில் எல்லாரும் எப்படிச் சொல்கிறார்கள்? பி.டி. அசிஸ்டென்ட். பி.டி. என்றால் பேச்சிலர் ஆஃப் டீச்சிங். அதற்கும் முன்னால் எல்.டி. என்று ஒன்று இருந்தது. பழைய தலைமையாசிரியர்களின் பெயர்ப் பலகையில் ‘பி.ஏ., எல்.டி.’ என்று பார்த்திருப்பீர்கள். எல்.டி. போய் பி.டி. வந்தது, பி.டி. போய் பி.எட். வந்தது. இன்றைக்கு பி.டி. பட்டம் வைத்திருப்பவர் ஒருவர்கூடப் பணியில் இருக்க மாட்டார். ஆனாலும் காலிப்பணியிடப் பட்டியலில் அந்தப் பெயர்தான். தமிழாசிரியர்களுக்கும் இதே கதை. ஒரு காலத்தில் புலவர் பட்டமும் தமிழாசிரியர் பயிற்சியும், பிறகு பி.லிட்., இப்போது பி.ஏ. தமிழும். பெயர் எதுவானாலும் உள்ளே இருப்பது தமிழ் என்று ஏற்றுக்கொள்ள உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஐம்பது வருடத்துக்கு முன் செத்துப்போன பட்டத்தின் பெயரைப் பதவிக்கு வைத்துக்கொண்டிருக்கும் துறைக்கு, ஒரு அடைப்புக்குறி மட்டும் கண்ணை உறுத்துகிறது.

தகுதியே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பாடத்தை ஆழமாகப் படித்தவர்தான் உயர்நிலை வகுப்புக்கு வர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஏழாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, “மைனஸை மைனஸால பெருக்குனா ஏன் சார் ப்ளஸ் வருது?” என்று கேட்பாள். “அது ரூல்மா” என்று சொல்லி உட்காரவைக்கலாம். பாதிப்பேர் அப்படித்தான் உட்காரவைக்கப்பட்டோம். அல்லது, மூன்றையும் மைனஸ் மூன்றையும் கூட்டினால் பூச்சியம், பூச்சியத்தை எதால் பெருக்கினாலும் பூச்சியம், அப்படியானால் இந்த இடத்தில் என்ன வந்தால்தான் கணக்குச் சரியாகும் என்று அவளையே கண்டுபிடிக்க வைக்கலாம். பங்கீட்டு விதியைக் கல்லூரியில் ஒழுங்காகப் படித்து, அது ஏன் அவ்வளவு முக்கியம் என்று ஒரு நாளாவது மண்டையை உடைத்துக்கொண்டவருக்குத்தான் இது கைவரும். ஒன்பதாம் வகுப்பில் விகிதமுறா எண் வரும்போது, பத்தாம் வகுப்பில் தேற்றத்துக்கு நிரூபணம் வரும்போது, ஆசிரியருக்கு அடியில் தரை இருக்கிறதா இல்லையா என்று பிள்ளைகள் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

புதுப்பெயர்ப் பட்டங்கள் எல்லாமே தேறும் என்றும் சொல்ல மாட்டேன். சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். மெய்ப்பகுப்பாய்வை எடுத்துவிட்டு, பகுதி ஒன்று, பகுதி இரண்டு என்று எக்ஸெல் சொல்லித் தந்திருந்தார்கள். பெயரில் மட்டும் கணிதம். அப்படிப்பட்டதை இணையல்ல என்று குழு சொன்னால் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் அதை எப்போது சொல்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. சேரும்போது சொன்னால் அது எச்சரிக்கை. பட்டமும் பி.எட்.டும் முடித்து, டெட் எழுதி, போட்டித் தேர்வும் எழுதி, மேசை முன் நிற்கும்போது சொன்னால் அது தண்டனை. தப்பு செய்தவர்களுக்கும் அது போய்ச் சேர்வதில்லை.

இந்தப் பெயர்க் குழப்பம் எப்படி வந்தது என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1978இல் தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ வந்தது; அதே ஆண்டில்தான் இங்கே முதல் தன்னாட்சிக் கல்லூரிகளும் வந்தன. பாடத்திட்டத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ளும் உரிமை கல்லூரிகளுக்கு நல்லதுதான், பல கல்லூரிகள் அதை மிக நன்றாகவே பயன்படுத்தின. பின்னால் சுயநிதிப் பிரிவுகள் பெருகியபோது, வெறும் ‘தாவரவியல்’ என்றோ ‘வரலாறு’ என்றோ போட்டால் பிள்ளைகள் சேர மாட்டார்கள் என்ற பயம் வந்தது. தாவரவியல் ‘தாவர உயிரியல் மற்றும் தாவர உயிரித் தொழில்நுட்பவியல்’ ஆனது. விலங்கியல் ‘உயர்நிலை விலங்கியல் மற்றும் உயிரித் தொழில்நுட்பவியல்’ ஆனது. வரலாறு ‘வரலாற்று ஆய்வுகள்’ ஆனது. ஆங்கிலத்துக்கு முன்னால் எத்தனை அடைமொழி! யு.ஜி.சி. 2014இல் பட்டப் பெயர்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. ஆனால் பி.ஏ., பி.எஸ்சி. என்பதோடு அது நிற்கும். அடைப்புக்குறிக்குள் எதைப் போடுவது என்பது அவரவர் கற்பனை. கற்பனைக்கு ஒரு தரப்பு பொறுப்பு, கணக்குத் தீர்ப்பது இன்னொரு தரப்பு. இடையில் இரண்டும் பேசிக்கொள்வதே இல்லை.

பேசிக்கொள்வதில்லை என்பதற்கு பி.எட். சேர்க்கையே சாட்சி. பி.எட். சேர்வதற்கு ஒரு தகுதிப் பட்டியல் இருக்கிறது. பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், பிற்பட்டோருக்கு 45 என்று மதிப்பெண் பார்க்கிறார்கள். எந்தெந்தப் பட்டத்தை எந்தப் பாடத்தின் கீழ் சேர்க்கலாம் என்றும் பார்க்கிறார்கள். பயன்பாட்டு இயற்பியல் படித்தவரை இயற்பியலின் கீழும், உயிர்வேதியியல் படித்தவரை வேதியியலின் கீழும் சேர்த்துக்கொள்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அங்கே திறந்த கதவு வேலைக்கான சரிபார்ப்பிலும் திறக்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை. “பி.எட்.ல எடுத்துக்கிட்டாங்களே சார், அப்ப சரியாத்தானே இருக்கணும்?” என்று பெரியவள் கேட்டாள். அதற்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. உங்களால் முடிகிறதா பாருங்கள்.

அப்புறம், வாசலில் இவ்வளவு கறார் காட்டிவிட்டு உள்ளே என்ன நடக்கிறது? பட்டதாரி ஆசிரியர் பணியிடங்கள் தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் என்று பாடவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் ஒரே பாடம், ஒரே புத்தகம். பல உயர்நிலைப் பள்ளிகளில் விலங்கியல் படித்தவர்தான் ஓம் விதியும் நடத்துகிறார், கரிமச் சேர்மமும் நடத்துகிறார். வரலாறு படித்தவர் பருவக்காற்றும் நாட்டு வருமானமும் சொல்லித் தருகிறார். நானே முன்பிருந்த பள்ளியில் அரை வருடம் அறிவியல் எடுத்திருக்கிறேன். ஒளிவிலகல் பாடத்தன்று முதல்நாள் இரவு பக்கத்து வீட்டுப் பாலிடெக்னிக் பையனிடம் கேட்டுக்கொண்டு போனேன். இதற்கெல்லாம் யாரும் இணைத்தன்மை ஆணை கேட்டதில்லை.

இன்னும் ஒன்று. நான் 2008இல் பதிவு மூப்பில் வேலைக்கு வந்தவன். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009. அதன்படி டெட்டைக் கட்டாயமாக்கிய என்.சி.டி.இ. அறிவிக்கை வந்தது 2010 ஆகஸ்ட் 23. தமிழ்நாட்டில் முதல் டெட் நடந்தது 2012இல். ஆகவே நான் டெட் எழுதியதே இல்லை. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டு வருடத்துக்குள் டெட் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. எங்கள் ஆசிரியர் அறையில் இப்போது மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவும் குழந்தை வளர்ச்சி உளவியல் கைடும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. தீர்ப்பைப் பற்றி வாதாட இந்தக் கடிதம் இல்லை. படிக்கிறேன், எழுதுவேன். சந்தேகம் வந்தால் போனில் பெரியவளைக் கேட்கிறேன். அவள் பொறுமையாகச் சொல்லித் தருகிறாள். டெட் தேறாத நான் அரசுப் பள்ளிக்குள், தேறியவள் வெளியே.

அவளைப்போல் வேறு வேறு பள்ளங்களில் விழுந்தவர்களும் இருக்கிறார்கள். கணினி அறிவியலில் பி.எஸ்சி. முடித்து பி.எட்.டும் படித்தவர்கள் ஒரு தலைமுறையே இருக்கிறார்கள். பட்டதாரி ஆசிரியர் பணியிடத்தில் அந்தப் பாடமே கிடையாது. கணினிப் பயிற்றுநர் பணிக்காவது போகலாம் என்றிருந்தார்கள், 2019இல் 814 இடங்களுக்கு அறிவிப்பு வந்தபோது அது முதுகலைத் தகுதிக்கு உயர்ந்துவிட்டது. முதுகலை ஆசிரியர் பணியிலோ இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிராஸ் மேஜர். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இவற்றில் எதையும் பதினேழு வயதில் யாரும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.

சரி, நான் கேட்பது என்ன?

புதுப் பெயரில் ஒரு பட்டத்தைத் தொடங்க ஒரு பாடத்திட்டக் குழு உட்காரும்போதே, அது எந்தப் பட்டத்துக்கு இணை என்ற கேள்வியையும் அந்தக் கூட்டத்திலேயே எழுப்பி, இணைத்தன்மைக் குழுவுக்கு அனுப்பி, பதில் வாங்கிவிட வேண்டும். பதில் வராமல் முதல் பேட்ச் சேரக் கூடாது. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் பட்டங்களுக்குப் பல்கலைக்கழகமே விண்ணப்பிக்க வேண்டும். மாணவர் அலையக் கூடாது. இது ஒரு துறைக்குப் புது வேலையே அல்ல, கடைசியில் செய்கிற வேலையை முதலில் செய்வது.

அப்படி வந்த பதிலைக் கல்லூரிக் கையேட்டில், பட்டத்தின் பெயருக்கு நேர் கீழே, அதே அளவு எழுத்தில் அச்சடிக்கச் சொல்லுங்கள். ‘இந்தப் பட்டம் பட்டதாரி ஆசிரியர் (கணிதம்) பணிக்குத் தகுதியானது’ அல்லது ‘தகுதியானதல்ல’. பத்து ரூபாய் மாத்திரை அட்டையிலேயே காலாவதி நாள் போட்டுத்தான் விற்கிறார்கள். மூன்று வருடம் எடுக்கிற பொருளுக்கு ஒரு வரி போடலாம்.

பி.எட். சேர்க்கைக்கும் பணி நியமனத்துக்கும் ஒரே பட்டியல் இருக்கட்டும். இரண்டு பட்டியல்தான் வேண்டும் என்றால், வேலைக்குத் தகுதியில்லாதவரிடம் பி.எட். சேரும் அன்றே எழுத்தில் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். தனியார் பள்ளிக்குப் போகப் படிக்கிறேன் என்று அவர் சொல்லலாம். அது அவர் விருப்பம், ஆனால் தெரிந்து எடுத்த விருப்பமாக இருக்கும்.

இதுவரை வந்த ஆணைகள் எல்லாம் ஆங்காங்கே, ஸ்கேன் செய்த பக்கங்களாக, தேதிவாரியாகக் கிடக்கின்றன. தேடினால் எழுத்தும் சிக்காது. அந்த வாரத்தில் இரண்டு இரவு நான் அவற்றைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன், கண் எரிந்ததுதான் மிச்சம். பல்கலைக்கழகம், பட்டம், படித்த ஆண்டு என்று மூன்றை அழுத்தினால் இணை, இணையல்ல, முடிவாகவில்லை என்று பதில் வருகிற மாதிரி ஒரு பக்கம் வேண்டும். எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் ஆதார் எண்ணிலிருந்து ரத்த வகை வரை எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் ஏற்றச் சொல்லி எங்களிடம் வேலை வாங்குகிற அரசுக்கு இது முடியாததா?

ஆணை வருவதற்கு முன் அதே பட்டத்தைப் பெற்றவர்களுக்கும் அந்த ஆணை பொருந்தும் என்று, அறிவிக்கை நாளைப் பார்க்காமல், விதியில் எழுதிவிடுங்கள். சரிபார்ப்பில் இந்த ஒரு காரணத்துக்காக நிற்பவரின் இடத்தைப் பல்கலைக்கழகத்தின் பதில் வரும்வரை நிறுத்திவையுங்கள்.

தாமதிக்க நேரமில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. அடுத்த அலை வந்துகொண்டிருக்கிறது. பட்டமும் பி.எட்.டும் சேர்ந்த நான்கு வருடப் படிப்புகள் வந்துவிட்டன, பி.ஏ.பி.எட்., பி.எஸ்சி.பி.எட். என்று பெயரிலேயே இரட்டை. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று யு.ஜி.சி. 2022இல் சொல்லிவிட்டது, அப்படிப் படித்தவர் சரிபார்ப்புக்கு வரும்போது என்ன செய்வீர்கள்? அதையும் மேசை முன்தான் முடிவு செய்வீர்களா?

போன வாரம் பெரியவளின் அப்பா மறுபடி வந்தார். இந்த முறை கூட வந்தது கடைசிப் பெண். ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள், அக்கா அளவுக்குக் கணக்கு வராது, உயிரியலில் ஆசை. கையில் ஒரு கல்லூரிக் கையேடு. விரல் வைத்துக் காட்டிய இடத்தில் ஒரு பட்டத்தின் பெயர். அடைப்புக்குறிக்குள் இந்தத் தடவை நாலு சொல். “இது படிச்சா டீச்சர் ஆவலாமா சார்?” என்று அவளும் கேட்டாள். அவர் ஒன்றும் கேட்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விண்ணப்பிக்கக் கடைசி நாள் எப்போது என்று மட்டும் கேட்டேன். இன்னும் பன்னிரண்டு நாள் இருப்பதாகச் சொன்னாள். பத்து நாளில் சொல்கிறேன் என்று அனுப்பியிருக்கிறேன்.

கல்லூரி, பல்கலைக்கழகம், பட்டத்தின் முழுப் பெயர் ஆகியவற்றை, அடைப்புக்குறி உட்பட, தனித்தாளில் எழுதி உங்கள் அலுவலகங்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லில் பதில் போதும்.

இப்படிக்கு,
கணிதப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர்.

இணைப்பு: தனித்தாள் ஒன்று.